சத்தம் வந்தாச்சு

மூன்று மணிக்கே களியக்காவிளைச் சந்தை
ஐஸ் உடைக்கத் தொடங்கிவிடும்.
கூடைக்கு ஒன்றாய் நாங்கள் கொடுத்த பெட்டிகளில்
ஒன்று தமிழில் சொல்லும், அடுத்தது மலையாளத்தில்:
முந்நூற்று இருபது.
முந்நூற்றி இருபது.
ஓரெழுத்து வித்தியாசம்.
அந்த ஓரெழுத்துக்கு நான்கு மாதம் செலவழித்தோம்,
அதில் இன்னும் எனக்குப் பெருமைதான்.

லாரி வெளிச்சத்தில் ரெஜின்
மஸ்கட் கடிதத்தை மறுபடியும் வாசிக்கிறான்.
நாற்பது கவுன்ட்டர்,
தூத்தூர்ப் பையன்கள் வெள்ளிதோறும் வரிசையில் நிற்கிற கவுன்ட்டர்.
நம் பெயரை மாட்டிக்கொள்ளலாமாம்.
லைசென்ஸ், வக்கீல், அந்த ஊர்க் கூட்டாளி ஒருவர்,
முதல் வருஷம் எழுபது லட்சம் நட்டம்,
மூன்றாம் வருஷம் கோடு மேலே திரும்பும்.
நான் பார்த்த கணக்குத்தாள் எல்லாவற்றிலும்
மூன்றாம் வருஷம்தான் திரும்புகிறது கோடு.

புஷ்பலீலாவின் சாளை விற்றுத் தீர்ந்துவிட்டது.
தேங்காய்ப்பட்டணத்து அடுத்த லோடு வந்து நிற்கிறது,
இறக்கும் முன் ரொக்கம் கேட்கிறான் டிரைவர்.
பெட்டி இதுவரை சொன்னது பதினாலாயிரம்.
வங்கிக் கணக்கு காட்டுவது நூற்றுப் பன்னிரண்டு.
"சத்தம் வந்தாச்சு, பைசா எங்க?"
என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.
பெட்டியைப் பார்த்துக் கேட்டாள்.

பாறசாலைக் கூட்டுறவு வங்கியின் சர்வர்
பதினொன்றரைக்குக் கண் விழிக்கும்.
அதுவரைக்கும் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செல்வதாஸ்
மடியில் பையோடு உட்கார்ந்திருப்பார்,
எட்டு மணி நேரத்துக்கு
நூற்றுக்கு ஒரு ரூபாய்.
எங்கள் கமிஷன் நூற்றுக்கு முப்பது பைசா.
எங்கள் தாமதத்தின் கமிஷன் அதைவிடப் பெரிது,
அதை வாங்கிக்கொள்வது அவர்.

திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட்டுக்கு விமானம்
நாலு மணி நேரம்கூட ஆகாது.
இங்கிருந்து பாறசாலைக்கு, ஆட்டோ போகும் தூரத்துக்கு,
எங்கள் பணம் எட்டு மணி நேரம் நடக்கிறது.

வங்கி மேலாளர் சுகதன் கேட்டது இவ்வளவுதான்:
ராத்திரிக்கு ஓர் ஆள், ஒரு ஜெனரேட்டர்,
முன்பணமாய் எங்கள் கணக்கில் அறுபது லட்சம்.
விடியும்முன் பணம் இறங்கிவிடும்.
இரண்டு வருஷமாக என் மேசையில் கிடக்கிறது அவர் கடிதம்.
உறையில் வெளிநாட்டு முத்திரை இல்லை.

ரெஜின் முட்டாளில்லை.
"அறுபதை இங்க முடக்கு.
நாளைக்குப் பெரிய கம்பெனிக்காரன் வாடகை இல்லாம பெட்டி தருவான்,
புஷ்பலீலா நம்ம பெட்டிய ஐஸுக்கு முட்டுக் குடுப்பா.
சந்தையில நன்றின்னு ஒரு மீன் இல்ல."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அவன் அண்ணன் ஓமான் படகில் இருக்கிறான் என்பதும் தெரியும்.
அந்த வரிசையில் அவனும் நிற்கிறான்.

இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை.
ஒன்றுக்கே சரியாக இல்லை.

செல்வதாஸிடமிருந்து திரும்பி வந்தவள்
நோட்டை எச்சில் தொட்டு எண்ணுகிறாள்:
பதிமூன்றாயிரத்து எண்ணூற்று அறுபது.
மிச்சம் நூற்று நாற்பது என் கணக்குத்தாளில்
எந்தக் கட்டத்திலும் இல்லை.

நாலு மணி பத்துக்கு சுகதனுக்குச் செய்தி அனுப்பினேன்:
ஜெனரேட்டர் எத்தனை கிலோவாட்?
மஸ்கட்டுக்கும் எழுதினேன்,
முதலில் எங்கள் பணம் பாறசாலை போய்ச் சேரட்டும் என்று.
ரெஜின் போனைப் பிடுங்கி அந்த வரியை அழித்தான்,
ஆறு மாதம் அவகாசம் கேட்டான்,
கீழே இருவர் பெயரையும் போட்டான்,
என்னோடு பேசாமல் கட்டஞ்சாயா வாங்கப் போனான்.

இரண்டு தம்ளர் வாங்கி வந்தான்.

கூடை மறுபடி நிறைகிறது, இப்போது அயிலை.
யாரோ ஒருவர் போனை நீட்ட,
இருநூற்று ஐம்பது, என்கிறது பெட்டி,
கையில் இருப்பது போலவே.